ஆறிப்போன சாம்பாரும் இரண்டு மணி நேர விதியும்

"சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்." இந்த வாக்கியத்தை நீங்கள் எங்காவது படித்திருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட, பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளைக் கூறும் சுவரொட்டியில், நான்காவது வழியின் கீழ் இது இடம்பெற்றுள்ளது. அதன் அருகிலேயே வேறு சில அறிவுரைகளும் உண்டு: எளிதில் கெடக்கூடிய உணவை உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது, பரிமாறும் வரை உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருங்கள். (இக்கட்டுரையில் டிகிரி என்று வருவதெல்லாம் சென்டிகிரேடு அளவே.)

இந்த விதியை நம்மில் எத்தனை பேர் கடைப்பிடிக்கிறோம்? ஒருமுறை வகுப்பில் குளிர்வு விதியை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர்களிடம் இதைக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. "காலையில் 7 மணிக்கு வைத்த சாம்பாரை ராத்திரி சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம், சார்" என்றான் ஒருவன். இந்தப் பதிலை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அன்றாட அனுபவம் ஒன்று சொல்ல, சுவரில் ஒட்டிய தாள் வேறொன்று சொன்னால், மக்கள் அனுபவத்தின் பக்கமே நிற்பார்கள். விதி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. விதி ஓர் எண்ணை மட்டும் கொடுக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது, எந்தப் பாத்திரத்துக்கு, எந்த ஊருக்கு, எந்த உணவுக்கு என்று சொல்வதில்லை. என் குறையெல்லாம் இதுதான். காரணம் சொல்லப்படாத எண்ணை அறிவியல் மாணவர்கள் அப்படியே விழுங்கத் தேவையில்லை. வாருங்கள், அதைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், எல்லா நாடுகளும் இரண்டு மணி நேரம் என்றே சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை இல்லங்களுக்குச் சொல்வது 2 மணி நேரம். ஆனால் வெளி வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். ஆஸ்திரேலியாவில் உணவகங்களுக்குச் சொல்லப்படுவது 2 மணி, 4 மணி என்ற இரட்டை விதி: 2 மணி நேரத்துக்குள் என்றால் மீண்டும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், 2 முதல் 4 மணி வரை என்றால் அப்போதே உண்டுவிட வேண்டும், 4 மணியைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். ஒரே கிருமிகள், ஒரே மனித வயிறு. எண்கள் மட்டும் ஏன் மாறுகின்றன?

இதற்கு ஒரு சிறிய பெருக்கல் கணக்குப் போதும். சமைத்த உணவில் ஒரு கிராமுக்கு 10 பாக்டீரியாக்கள் வந்து விழுந்தன என்று கொள்வோம். சாதகமான வெப்பநிலையில் அவை 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. 2 மணி நேரத்தில் 6 முறை இரட்டித்து 640 ஆகும். 4 மணி நேரத்தில் 12 முறை இரட்டித்து 40,960. 6 மணி நேரத்தில் 18 முறை. எண்ணிக்கை 26 லட்சத்தைத் தாண்டிவிடும். நஞ்சு உண்டாக்கும் கிருமிகள் பலவும் கிராமுக்குச் சில லட்சம் என்ற அளவை எட்டும்போதுதான் ஆளைப் படுக்கவைக்கின்றன. அந்த எல்லை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் எங்கோ தாண்டப்படுகிறது அல்லவா? ஆஸ்திரேலியர்களின் 4 மணி அந்த எல்லையை ஒட்டி நிற்கும் வேலி. 2 மணி என்பது அதற்கும் முன்னே தள்ளிப் போட்ட வேலி. உண்மையில் கிருமிகள் புதிய இடத்துக்கு வந்தவுடனே பெருகத் தொடங்குவதில்லை. சிறிது நேரம் தங்களைப் பழக்கிக்கொள்கின்றன. ஆகவே வேலிக்கும் பள்ளத்துக்கும் இடையே இன்னும் சற்று இடம் இருக்கிறது. என் மாணவன் இத்தனை நாள் நடந்து வந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் தொடக்க எண்ணிக்கை 10 ஆக இல்லாமல் 1,000 ஆக இருந்தால்? 2 மணி நேரத்தில் 64,000. 4 மணி நேரத்தில் 40 லட்சம். வேலி பள்ளத்துக்குள்ளேயே போய்விட்டது. ஆகவே கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்க வேண்டும். சமைத்தபின் எத்தனை கைகள் உணவைத் தொட்டன என்பது எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வி. சுவரொட்டியின் முதல் வழி தூய்மையைப் பற்றியதுதான். எனினும் முதல் வழிக்கும் நான்காவது வழிக்கும் உள்ள இந்தக் கணக்குத் தொடர்பை அது எங்கும் காட்டவில்லை. ஐந்தும் ஐந்து தனித்தனிக் கட்டளைகளாகவே நிற்கின்றன.

வெப்பநிலைக்கு வருவோம். அமெரிக்கர்கள் 32 டிகிரிக்கு மேல் நேரத்தைப் பாதியாக்கியது ஏன்? அறை வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இத்தகைய கிருமிகளின் பெருக்கம் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகும் என்பது ஒரு கைக்கணக்கு. (உடல் வெப்பநிலை வரைதான் இது செல்லும், அதற்கு மேல் சரியாக வராது.) 25 டிகிரியில் 2 மணி நேரம் என்றால் 35 டிகிரியில் 1 மணி நேரம். கணக்கு ஒத்துவருகிறது. அப்படியானால் வேலூரிலும் மதுரையிலும் திருச்சியிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் நம் சமையலறைக்குப் பொருந்துவது எது? 1 மணி நேர விதிதான். உலகம் முழுவதற்கும் என்று எழுதப்பட்ட சுவரொட்டியில் "அறை வெப்பநிலை" என்ற சொல் எந்த அறையைக் குறிக்கிறது என்று இல்லை. குளிர் நாட்டு அறைக்கும் ஓட்டுக் கூரையின் கீழே உள்ள நம் அடுக்களைக்கும் ஒரே சொல். இதை நான் ஒரு சிறு குறையாகக் கருதவில்லை.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. "சாம்பார் ஆறிவிட்டது" என்று நாம் சொல்லும்போது அது எத்தனை டிகிரிக்கு வந்திருக்கிறது? அறையின் வெப்பநிலைக்கு, அதாவது 32, 33 டிகிரிக்கு. நியூட்டனின் குளிர்வு விதிப்படி, சூடான பொருள் சுற்றுப்புறத்தின் வெப்பநிலையை நெருங்கலாமே தவிர அதற்குக் கீழே போக முடியாது. கிருமிகளுக்கு உகந்த வரம்பு 5 முதல் 60 டிகிரி வரை. ஆகவே நம் ஊரில் உணவு "ஆறிவிட்டது" என்றால், கிருமிகளுக்கு மிகப் பிடித்தமான இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அமெரிக்காவின் உணவு நெறிமுறை, சமையற்கூடங்கள் சமைத்த உணவை 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் நம் அடுக்களையில் பனிக்கட்டியோ குளிர்பதனப் பெட்டியோ இல்லாமல் 21 டிகிரிக்கு எப்படி இறக்குவது? இயற்கையே இடம் கொடுக்காது.

இனிப் பாத்திரத்தைப் பார்ப்போம். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்தப் பகுதியில் சற்றுக் கூடுதலாக நிற்பேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரசமும் சாம்பாரும் திரவங்கள். சூடான பகுதி மேலே வரும், குளிர்ந்த பகுதி கீழே போகும். வெப்பச் சலனம் நடைபெறுவதால் பாத்திரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். சோறு அப்படியல்ல. அதில் அசைவு கிடையாது. நடுவிலுள்ள வெப்பம் பருக்கை பருக்கையாகக் கடத்தல் முறையில்தான் வெளியே வர வேண்டும். கடத்தலில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு: தடிமன் இரு மடங்கானால் ஆறும் நேரம் நான்கு மடங்காகும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். சோற்றில் மூன்றில் இரு பங்கு நீர். எனவே அதன் வெப்பக் கடத்தல் இயல்புகளை நீரின் இயல்புகளை ஒட்டியே எடுத்துக்கொள்ளலாம். 95 டிகிரியில் வடித்த சோறு, 32 டிகிரி அறை. சோறு அகன்ற அடுக்காக இருக்கிறது. மேலும் கீழும் வெப்பம் வெளியேறுகிறது. அதன் பரப்பு எப்போதும் அறை வெப்பநிலையிலேயே இருக்கிறது என்று நமக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். சோறு 5 செ.மீ. உயரம் இருந்தால் அதன் நடுப்பகுதி 63 டிகிரிக்கு இறங்க அரை மணி நேரம்கூட ஆகாது. 10 செ.மீ. உயரம் என்றால் 2 மணிக்குச் சற்றுக் குறைவு. 20 செ.மீ. என்றால் 7½ மணி நேரம்! அதன்பின் 63-லிருந்து 48 டிகிரிக்கு இறங்க இன்னும் 5½ மணி நேரம். உண்மையான அண்டாவில் பக்கங்கள் வழியாகவும் வெப்பம் போவதால் நேரம் குறையும். பரப்பு உடனே அறை வெப்பநிலைக்கு வந்துவிடாது என்பதால் கூடவும் செய்யும். ஆனால் நான்கு மடங்கு என்ற போக்கு மாறாது.

இதிலிருந்து விதியைப் பற்றி என்ன தெரிகிறது? "2 மணி நேரம்" என்ற கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது? அடுப்பிலிருந்து இறக்கியதும் என்றால், அண்டாவின் நடுவில் உள்ள சோறு மாலை வரை 60 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அங்கே கிருமிகள் பெருக முடியாது. 60 டிகிரிக்கு வந்தபின் என்றால், ஓரத்துச் சோறு சில நிமிடங்களிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். ஒரே பாத்திரத்தில் பல கடிகாரங்கள் ஓடுகின்றன. அதைவிட மோசமான செய்தி இது: ஓரத்தில் 33 டிகிரி, நடுவில் 80 டிகிரி என்றால் இடையில் எங்கோ ஓர் அடுக்கு 43 டிகிரியில் இருந்தே தீரும். வெளி அடுக்குகள் குளிரக் குளிர அந்த 43 டிகிரி அடுக்கு மெல்ல உள்ளே நகர்கிறது. பெரிய பாத்திரத்தில் அது பல மணி நேரப் பயணம்.

43 டிகிரியை நான் ஏன் எடுத்துச் சொல்கிறேன்? கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியம் அந்த வெப்பநிலையில்தான் மிக விரைவாகப் பெருகுகிறது. ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 2 மணி நேரத்தில் 12 தலைமுறை; ஒன்று 4,096 ஆகும். காற்றில்லாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். பெரிய பாத்திரத்தில் கொதித்த இறைச்சிக் குழம்பிலிருந்து காற்று வெளியேறியிருக்கும்; போட்டிக் கிருமிகளும் மடிந்திருக்கும். இதன் வித்துகள் மட்டும் கொதிநீரையும் தாங்கிக்கொண்டு கிடக்கும். கூட்டமாக உண்ணும் இடங்களில் இந்தக் கிருமியின் பெயர் அடிபடுவது இதனால்தான். உண்டு 8 முதல் 16 மணி நேரம் கழித்தே பெரும்பாலும் வயிற்றுப்போக்கு தொடங்கும். அதற்குள் நாம் இன்னொரு வேளை சாப்பிட்டிருப்போம். பழியும் அந்த வேளையின் மேல் விழும். "நேற்று மதியக் குழம்பால் ஒன்றும் ஆகவில்லையே" என்ற சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க் கல்யாணச் சமையற்காரர்கள் வடித்த சோற்றைப் பாயிலோ துணியிலோ கொட்டிப் பரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பருக்கை குழையக் கூடாது என்பதற்காக அவர்கள் செய்வது. தடிமனைக் குறைக்கும் அந்தச் செயல் இயற்பியலுக்கு முற்றிலும் உடன்பாடானது. (பாயின் தூய்மையைப் பற்றி இங்கு நான் பேசவில்லை.) தம் போட்ட பிரியாணிக்காரர் இதற்கு நேர்மாறானவர், வாயை மூடி வெப்பத்தை உள்ளேயே காப்பாற்றுகிறார். 60 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை அதுவும் சரியே. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நாம் எடுத்துச் செல்லும் வெப்பக் காப்புப் பெட்டி அப்படி நடுவில் நிற்கிறது. காலை 7 மணிக்கு அடைத்து 9 மணிக்குத் திறந்தால் அது நண்பன். மதியம் 2 மணிக்குத் திறந்தால், அத்தனை நேரமும் உணவை 50 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையில் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கும். சாதாரண எவர்சில்வர் டப்பாவில் விரைந்து கடந்து போயிருக்கக்கூடிய வெப்பநிலையில் அது நின்று நிதானிக்கிறது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. வியப்பில்லை. சுவரொட்டியும் சொல்லவில்லை, அதுதான் வருத்தம்.

அடுத்தது, நம் வீடுகளில் மிகுதியாகக் கேட்கும் வாதம்: "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் செத்துப் போகும்." இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியால்தான் தொல்லை. மூன்று கிருமிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும்.

மேலே கண்ட பெர்ஃபிரிஞ்சன்ஸ், உயிரோடு பெருந்தொகையாக வயிற்றுக்குள் போனால்தான் நோய் உண்டாக்கும். குடலுக்குள் போய்த்தான் அது நஞ்சை வெளியிடுகிறது. ஆகவே உண்பதற்குச் சற்று முன் நடுப்பகுதி வரை நன்கு கொதிக்கவைத்தால் பெருகியவை மடியும். இங்கே பாட்டியின் வாதம் வெல்கிறது.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அப்படியல்ல. அது உணவிலேயே நஞ்சைக் கக்கிவிடுகிறது. கிருமி 70 டிகிரியிலேயே செத்துவிடும். நஞ்சோ அரை மணி நேரக் கொதிநிலையையும் தாங்கும். 1975 பிப்ரவரியில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. டோக்கியோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் தனி விமானம் அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜில் இறங்கி உணவை ஏற்றிக்கொண்டது. கோபன்ஹேகனை நெருங்கும்போது ஆம்லெட்டும் பன்றி இறைச்சியும் காலையுணவாகத் தரப்பட்டன. ஏறத்தாழ 340 பயணிகளில் பலர் அடுத்தடுத்து வாந்தி எடுக்கத் தொடங்கினர். மொத்தம் 197 பேர் நோயுற்றார்கள். 140-க்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆராய்ந்தபோது, சமையற்காரர் ஒருவரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து கிருமி இறைச்சிக்கு வந்தது தெரிந்தது. உணவு போதிய குளிர்ச்சி இல்லாமல் பல மணி நேரம் இருந்திருக்கிறது. நினைவில் வையுங்கள்: அந்த உணவு விமானத்தின் அடுப்பில் சூடாக்கப்பட்டுத்தான் பரிமாறப்பட்டது. அதில் கெட்ட வாடையோ ஊசிய சுவையோ தெரிந்திருந்தால் ஏறத்தாழ 200 பேர் அதை உண்டிருப்பார்களா? மூக்கு கண்டுபிடிப்பது கெட்டுப்போன உணவை; நஞ்சேறிய உணவை அல்ல. இரண்டும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. நல்லவேளையாக விமானிகள் அந்த உணவைச் சாப்பிடவில்லை.

மூன்றாவது, சோற்றுக்காரர்களாகிய நமக்கு மிக நெருக்கமானது: பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழும் இது நெல்லோடு வந்து அரிசியில் வித்துகளாகத் தங்கியிருக்கும். சோறு வெந்தாலும் வித்துகள் பிழைத்துக்கொள்ளும், ஆறியதும் முளைக்கும். 1971-க்குப் பிறகு பிரிட்டனில் சீன உணவகங்களில் வறுத்த சோறு உண்டவர்கள் சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்த நிகழ்ச்சிகள் அடுத்தடுத்துப் பதிவாயின. அந்தச் சமையற்காரர்கள் முதல் நாளே சோற்றை வடித்து, வெளியிலேயே வைத்து, மறுநாள் சட்டியில் போட்டு வறுத்தார்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சோறு கட்டிபிடித்துவிடும், வறுக்க வராது என்பது அவர்கள் சொன்ன காரணம். இக்கிருமியின் வாந்தி நஞ்சுக்குச் சீரியுலைடு என்று பெயர். அது 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் சிதையாது. நம் பிரஷர் குக்கர் எட்டும் வெப்பநிலையே ஏறத்தாழ 120 டிகிரிதான்! குக்கராலேயே ஒன்றும் செய்ய முடியாத நஞ்சை, சட்டியில் இரண்டு நிமிடம் கிளறி அழிக்க முடியுமா?

2008-இல் பெல்ஜியத்தில் ஒரு மாணவர், 5 நாள் வெளியிலேயே இருந்த ஸ்பாகெட்டியைச் சூடாக்கி உண்டு மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். இந்நிகழ்ச்சி 2011-இல் மருத்துவ ஆய்விதழில் வெளியாயிற்று. உண்மைதான். ஆனால் இதை மட்டும் எடுத்துவைத்து வீட்டாரை மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அது 5 நாள் இருந்த உணவு. இத்தகைய இறப்பு மிக மிக அரிது. மிரட்டல் இரண்டு நாள் வேலை செய்யும். மூன்றாம் நாள் பழைய குழம்பு உண்டு ஒன்றும் ஆகாதபோது, மிரட்டலோடு சேர்த்து விதியையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

மறுபடி கொதிக்கவைக்கும் பழக்கத்தை நான் முற்றிலும் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பெரிய இயற்பியலாளர் ஒருவரின் ஆதரவு உண்டு. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கான ஒளிச்சிதறல் ஆய்வுகளால் நாம் அறிந்த ஜான் டிண்டால்தான் அவர். தூசியில்லாத காற்றை உண்டாக்கி அதில் ஒளிக்கற்றையைச் செலுத்திச் சோதித்த அவர், அந்தத் தூசியோடு கிருமிகளும் வருகின்றனவா என்று ஆராயப் புகுந்தார். வைக்கோல் ஊறிய நீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் சில சமயம் அதில் உயிர்கள் மீண்டும் தோன்றின. வித்துகள்தான் காரணம் என்று உணர்ந்த அவர், 1877-இல் ஒரு தந்திரம் செய்தார். ஒரே தடவை நெடுநேரம் கொதிக்கவைக்காமல், இடைவெளி விட்டுவிட்டுப் பலமுறை சிறிது நேரம் சூடாக்கினார். இடைவெளியில் வித்துகள் முளைக்கும்; முளைத்தவை அடுத்த கொதியில் மடியும். சில சுற்றுகளில் நீர் முற்றிலும் தூய்மையாயிற்று. காலையும் மாலையும் சாம்பாரைக் கொதிக்கவைக்கும் நம் வீட்டுப் பெண்கள் டிண்டாலின் பெயரைக் கேட்டிராவிட்டாலும் அவர் வழியில்தான் நடக்கிறார்கள்.

ஆனால் டிண்டாலின் சோதனைக் குழாயில் யாரும் கரண்டியை விடவில்லை. வெளிக் காற்றுத் தூசியும் நுழையவில்லை. இடைவெளியில் உண்டான நஞ்சைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையும் இருக்கவில்லை. அந்த நீரை யாரும் குடிக்கப் போவதில்லையே! நம் சாம்பாருக்கோ காலைக் கொதிக்கும் மாலைக் கொதிக்கும் இடையே 8 மணி நேரம். 20 நிமிடக் கணக்கில் 24 முறை இரட்டிப்பு. ஒன்று 1 கோடியே 67 லட்சம் ஆகலாம். கொதி கிருமிகளைக் கொல்லும்; அவை விட்டுச் சென்ற நஞ்சைக் கொல்லாது. இடைவெளியைக் குறைக்கக் குறைக்கப் பழக்கத்தின் பயன் கூடும் என்பது சரி. ஆனால் நாளெல்லாம் அடுப்படியில் நின்று சாம்பாரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

எல்லா உணவையும் ஒரே தராசில் நிறுத்துவதும் விதியின் குறையே. புளியோதரையைக் கட்டிக்கொண்டு நெடும்பயணம் போனவர்கள் நம் முன்னோர். புளியின் அமிலம், எண்ணெய், உப்பு மூன்றும் கிருமிகளைத் தடுக்கின்றன. தேங்காய்ச் சட்னியைக் கட்டிக்கொண்டு போக அவர்கள் துணியவில்லை. நீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. புளிப்பு மற்றவற்றுக்கு ஆகாது. அதற்காகப் பழைய சோற்றில் தீங்கே வராது என்று யாரும் சான்றிதழ் எழுதிக் கொடுக்க முடியாது. புளிப்பு ஏறும் முன்பே தீய கிருமி முந்திக்கொண்டால் கதை வேறு. இருந்தாலும் அமிலம், நீர்ப்பதம், உப்பு என்ற மூன்று சொற்களையாவது சுவரொட்டி சொல்லியிருந்தால், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கும் அது ஏதாவது சொன்னதாக ஆகும். இப்போதைய வடிவில், அந்த வீட்டுக்கு அது சொல்வது "அளவாகச் சமைத்து உடனே உண்" என்பது மட்டுமே. அதையும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குளிர்பதனப் பெட்டி உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை. "சூடாக வைத்தால் பெட்டி பழுதாகிவிடும், முழுக்க ஆறிய பிறகுதான் வைக்க வேண்டும்" என்று சொல்லிச் சொல்லியே பலர் இரவு முழுதும் குழம்பை வெளியில் விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 1 லிட்டர் சாம்பாரை 60 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்விக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 230 கிலோஜூல். இதற்குச் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்கு அளவே. பெட்டி இதற்கெல்லாம் அஞ்சாது. ஆனால் 10 லிட்டர் பாத்திரத்தைச் சூடாக உள்ளே தள்ளினால் கதை மாறும். பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறும். பாத்திரத்தின் நடுப்பகுதியோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆகவே அகலமான தட்டுகளில் மூன்று விரல் உயரத்துக்குப் பிரித்து ஊற்றுங்கள். குழம்பு என்றால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கிளறுங்கள். காற்றைவிடத் தண்ணீர் பன்மடங்கு விரைவாக வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஆவி அடங்கியதும் பெட்டியில் வைத்துவிடலாம். மின்சாரம் நின்றுவிட்டால் கதவைத் திறக்காமல் வையுங்கள்; திறக்காத பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும்.

இத்தனையும் சொன்னபின் நீங்கள் கேட்கலாம்: "விதியை வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. ஒரே எண்ணை நினைவில் வைக்கவேண்டுமென்றால் 2-ஐத்தான் வைப்பேன்; கோடையில் 1-ஐ. ஆனால் அதன் அருகில் இன்னொரு எண்ணையும் எழுதச் சொல்வேன்: 5 செ.மீ. மணிக்கணக்கு எல்லோர் கடிகாரத்திலும் இருக்கிறது. பாத்திரத்தின் ஆழத்தை அளப்பவர்தான் இல்லை.

நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே சோற்றை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை ஆழமான பாத்திரத்தில் நிறைத்து வையுங்கள். மறு பாதியை அகன்ற தாம்பாளத்தில் 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். இரண்டின் நடுவிலும் அரை மணிக்கு ஒருமுறை வெப்பமானியைச் செருகி அளவைக் குறித்து, வரைபடத் தாளில் நேரத்தை ஒரு அச்சிலும் வெப்பநிலையை மற்றோர் அச்சிலும் வைத்து இரண்டு கோடுகளை வரையுங்கள். 60 டிகிரியில் ஒரு கிடைக்கோடும் 40 டிகிரியில் ஒரு கிடைக்கோடும் போடுங்கள். அவற்றுக்கிடையே ஒவ்வொரு பாத்திரமும் எத்தனை நேரம் தங்கியது என்பது தெரியும். சோதனைச் சாலையின் பாதரச வெப்பமானியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஆல்கஹால் வெப்பமானி போதும். எதுவானாலும் கண்ணாடி உடையக்கூடியது. ஆகவே அந்தச் சோற்றை யாரும் உண்ண வேண்டாம்.